பேரீச்சங்கொட்டை கால்நடைத் தீவனமாகுமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாடு, ஆடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோன்பு மாதத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பள்ளிவாசல்களில் சேரும் பேரீச்சங்கொட்டை பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. புதுச்சேரி, கடலூர் பேக்கரிகளிலும் இனிப்புக் கடைகளிலும் உலர்பழ மொத்தக் கடைகளிலும் ஒதுக்கும் கொட்டையும் நசுங்கிய பழமும் அப்படித்தான். தவிடும் புண்ணாக்கும் ஏறுகிற விலையைப் பார்த்து, "இதை மாட்டுக்குப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். போடலாம். ஆனால் போடுகிற முறையும் அளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பேரீச்சங்கொட்டையில் என்னதான் சத்து இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: இது புண்ணாக்கு வகை இல்லை. ஈரம் போகக் கணக்கிட்டால் புரதம் 5 முதல் 7 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கில் 40க்கு மேல், கோதுமைத் தவிட்டில் 15 அளவில், மக்காச்சோளத்தில் 9 அளவில் புரதம் உண்டு. வைக்கோலில் 3, 4 தேறும். புரதத்தைப் பொறுத்தவரை கொட்டை மாவு வைக்கோலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் 7 முதல் 10 சதவீதம் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் குறைவு. மீதி முக்கால்வாசி நார். இந்த நாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நெல், சோளம் போன்றவை விதைக்குள் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கின்றன. பேரீச்சை அப்படிச் செய்வதில்லை. தன் சேமிப்பை மானன் என்ற சர்க்கரைச் சங்கிலியாகச் செல்சுவரிலேயே கெட்டியாக அடுக்கிவைக்கிறது. கொட்டை கல் மாதிரி இருப்பது அதனால்தான். தேங்காய்ப் புண்ணாக்கிலும் இந்த மானன் உண்டு. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இதை உடைத்துச் சக்தியாக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், துகள் சிறிதாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஆகவே தவிடு, மக்காச்சோளம் போடும் இடத்தில் ஒரு பகுதிக்கு இதை வைக்கலாம். புண்ணாக்கு போடும் இடத்தில் வைக்க முடியாது.

முழுக் கொட்டையை அப்படியே தொட்டியில் போட்டால் மாடு தின்னாதா?

தின்னும். தின்றது அப்படியே சாணத்தில் வந்துவிடும். சாணியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் கொட்டை கழுவிவைத்த மாதிரி பளபளவென்று கிடக்கும். அப்படிப் போட்டால் குப்பையை மாட்டு வயிறு வழியாகச் சுற்றிவிட்டதாகத்தான் கணக்கு.

ஆடு இதில் கெட்டிக்காரி. பழத்தோடு கொட்டையை விழுங்கினாலும், இரவு அசை போடும்போது பெரிய கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துப்பிவிடும். காலையில் கொட்டகையில் கூட்டினால் ஒரு கை அளவு தேறும். ஆனால் பசியோடு இருக்கும் குட்டி அவசரத்தில் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முழுக் கொட்டை எந்தக் கால்நடைக்கும் வேண்டாம்.

மூன்று நாள் ஊறவைத்தால் போதும் என்கிறார்களே?

அரபு நாடுகளில் கொட்டையை ஊறவைத்து இடித்து ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் போடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதில் 'இடித்து' என்பதை நம்மவர்கள் பல பேர் விட்டுவிடுகிறார்கள். ஊறவைத்தால் கொட்டை இடிக்க எளிதாகும். இடிக்காமல் விட்டால் மூன்று நாள் ஊறியும் உள்ளே கெட்டிதான். அதோடு நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாள் ஒரே தண்ணீரில் கிடந்தால் நுரைத்துப் புளித்து நாறும். ஊறவைத்து உரலில் இடிக்கிற வழி 2, 3 ஆடு வைத்திருப்பவருக்குச் சரிவரும். தினமும் இரண்டு வேளை தண்ணீர் மாற்றுங்கள். இடித்ததை அன்றே போட்டுத் தீர்த்துவிடுங்கள். ஆடு அதற்கு மேல் இருந்தால் காயவைத்து அரைப்பதுதான் வழி.

எங்கள் பக்கம் எவ்வளவு கொட்டை கிடைக்கும்? கட்டுப்படியாகுமா?

ஆசைப்படும் முன் கணக்குப் போடுங்கள். பழத்தின் எடையில் கொட்டை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரு கொட்டை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. 200 பேர் நோன்பு திறக்கும் பள்ளிவாசலில் ஆளுக்கு 3 பழம் என்றால் நாளைக்கு 600 கிராம், 30 நாளில் 18 கிலோ. கழுவிக் காயவைத்தால் 15 கிலோ நிற்கும். நாளைக்கு 30 கிராம் வீதம் 5 ஆட்டுக்கு 100 நாள் வரும். ஆட்டுக்காரருக்கு இது நல்ல கணக்கு.

கறவை மாட்டுக்கு நாளைக்கு அரைக் கிலோ. இரண்டு மாட்டுக்கு ஆண்டு முழுக்க என்றால் 365 கிலோ மாவு வேண்டும், அதற்குச் சுமார் 4 டன் பழம் கொட்டை நீக்கப்பட வேண்டும். பேரீச்சைப் பாகு, பேரீச்சை மிட்டாய் செய்யும் தொழில்கூடம் ஏதாவது எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் கிடைக்கும்போது போட்டு, தீர்ந்தால் பழைய கலவைக்குத் திரும்புகிற பொருளாகவே இதை வையுங்கள்.

விலையை இப்படிப் பாருங்கள். பேச்சுக்குத் தவிடு கிலோ 25, மக்காச்சோளம் 25, கடலைப் புண்ணாக்கு 50 ரூபாய் என்று வைப்போம். 10 கிலோ தவிட்டை எடுத்துவிட்டு 10 கிலோ கொட்டை மாவு போட்டால் கலவையில் 900 கிராம் புரதம் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட மக்காச்சோளத்தில் 2.7 கிலோ குறைத்து அதே அளவு கடலைப் புண்ணாக்கு கூட்ட வேண்டும். இதற்கு 67 ரூபாய் கூடுதல். தவிட்டில் மிச்சமான 250 ரூபாயில் இதைக் கழித்தால் 183, அதாவது கொட்டை மாவின் மதிப்பு கிலோ 18 ரூபாய். அரவைக் கூலி 5, கழுவிக் காயவைக்கும் கூலி 3 போனால் 10. ஈரமும் ஒட்டிய சதையும் போய் எடை குறைவதையும் சேர்த்தால், வாசலில் வந்து இறங்கும் கொட்டைக்குக் கிலோவுக்கு 8 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நட்டம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள். சுருக்கு வழி: தவிட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மூட்டையை நடுவில் கிழித்துக் கையை உள்ளே விடுங்கள். சூடாக இருந்தால் உள்ளே வேகிறது, வாங்காதீர்கள். புளித்த வாடை, வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் இருந்தாலும் அப்படியே. ஒரு மூலையில்தானே என்று பொறுக்கிப் போட்டு மீதியை எடுக்கிற பழக்கம் இதில் உதவாது.

அடுத்தது அந்நியப் பொருள். பேக்கரியிலிருந்து வரும் மூட்டையில் பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் உறைத் துண்டு, ஸ்டேப்ளர் கம்பி, நூல் எல்லாம் இருக்கும். கம்பி மாட்டின் இரண்டாம் வயிற்றில் குத்தி, அங்கிருந்து இதயம்வரை போய்விடக்கூடியது. தீவனத்தில் வருகிற மிகச் சிறிய பொருள், மிகப் பெரிய செலவு. ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொட்டை மேல் இழுத்துப் பாருங்கள், அரைக்கும் மில்லின் வாயிலும் ஒன்று வையுங்கள்.

கழுவிக் காயவைப்பது எப்படி?

கொட்டையில் ஒட்டியிருக்கும் சதைதான் ஈயையும் பூஞ்சணத்தையும் இழுப்பது. 6 முதல் 8 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். பிறகு கொட்டையை ஈரச் சாக்கில் கால்பங்கு நிரப்பி, வாயைக் கட்டி, சிமெண்ட் தரையில் உருட்டித் தேயுங்கள். சதை கழன்றுவிடும். இரண்டு முறை அலசுங்கள். முதல் தண்ணீர் இனிப்பாக இருக்கும். சுத்தமான பழக் கொட்டையாக இருந்து அன்றே என்றால் கழனித் தண்ணீரில் கலந்து மாட்டுக்குக் காட்டலாம். மறுநாள்வரை வைத்தால் எருக்குழிக்குத்தான்.

தார்ப்பாயிலோ களத்திலோ இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். நாளைக்கு மூன்று தடவை கிளறிவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குவித்து மூடுங்கள். கடலோரத்தில் இரவு ஈரக்காற்று பகலில் காய்ந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும், மூடாமல் விட்டால் நான்கு நாள் வேலை எட்டு நாளாகும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கொட்டையைச் சுத்தியலால் தட்டுங்கள். "டப்" என்று பிளந்து தெறித்தால் காய்ந்தது. நசுங்கி அமுங்கினால் இன்னும் ஈரம். இன்னொரு வழி: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொட்டையும் ஒரு கை காய்ந்த பொடி உப்பும் போட்டுச் சில நிமிடம் குலுக்கி ஓயவிடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அது அரைக்கவும் ஆகாது, அடுக்கவும் ஆகாது. மாவின் ஈரம் 10 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

நோன்புக் காலம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வருவதையும் கணக்கில் வையுங்கள். 2026இல் அது பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது, வெயில் கைகொடுக்கும். 2030இல் ஜனவரி தொடக்கத்திலேயே வந்துவிடும். மார்கழி, தைப் பனியில் காயவைப்பது வேறு வேலை.

வறுத்தால் நல்லதா?

புளியங்கொட்டையைப் போல வறுத்தால் மொறுமொறுப்பாகி அரைக்க எளிதாகும். மில்காரரும் முகம் சுளிக்க மாட்டார். மணல் போட்ட இரும்புச் சட்டியில் மிதமான தீயில் 15, 20 நிமிடம், நிறம் கொஞ்சம் அடர்ந்து காபி வாசனை வரும்வரை. கருகவிட்டால் சத்தும் போய்விடும், மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விறகுச் செலவு கூடும் என்பதால் 20, 30 கிலோவுக்கு மேல் இருந்தால் வெயிலில் காய்ந்ததையே அரைப்பது மேல்.

எந்த மில்லில் அரைப்பது? மாவு மில்லில் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்களே?

மறுப்பது சரிதான். கொட்டையின் கடினம் கல்லைத் தேய்க்கும், அதிலுள்ள எண்ணெய் கல்லின் பள்ளத்தில் அப்பும், அடுத்து வரும் இட்லி மாவில் வாசனை ஏறும். தீவனம் அரைக்கும் சுத்தியல் மில்தான் இதற்கு. 5 முதல் 7.5 குதிரைத்திறன் மோட்டார் இருந்தால் சிரமமில்லை. வீட்டுப் பல்வரைசரில் அரைப்பதென்றால் முதலில் சுத்தியலாலோ உலக்கையாலோ இரண்டாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அவசரப்பட்டால் மோட்டார் சூடேறி நிற்கும்.

இரண்டு முறை அரையுங்கள். முதலில் 8 மில்லிமீட்டர் சல்லடை, பிறகு 3 மில்லிமீட்டர். ஒரே தடவையில் 3 மில்லிமீட்டருக்குப் போனால் சல்லடை அடைபடும், மாவு சூடேறி எண்ணெய் கசியும். மாவு ரவை பதத்தில் இருந்தால் மாட்டுக்குச் சரி. முகப்பவுடர் பதம் வேண்டாம், தூசி மூக்கில் ஏறி மாடு தும்மும், தொட்டியில் பாதி காற்றோடு போகும்.

மில்லிலிருந்து வந்த மாவு கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதைச் சூட்டோடு சாக்கில் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே வியர்த்து, பத்து நாளில் சாக்கின் ஓரம் முழுக்கக் கட்டிகட்டியாகப் பூஞ்சணம் வைக்கும். ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

கறவை மாட்டுக்கு எவ்வளவு?

அடர்தீவனத்தில், அதாவது தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவையில், 10 சதவீதம். பழக்கமான மாட்டுக்கு அதிகபட்சம் 15. 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு உடலைப் பேண 1.5 கிலோ, லிட்டருக்கு 400 கிராம் வீதம் 4 கிலோ, ஆக 5.5 கிலோ அடர்தீவனம் என்பது வழக்கமான கணக்கு. அதில் பத்தில் ஒன்று 550 கிராம். கண்ணளவுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

100 கிலோ கலவைக்கு ஒரு மாதிரி:

மக்காச்சோளக் குருணை 28 கிலோ
கடலைப் புண்ணாக்கு 22 கிலோ
கோதுமைத் தவிடு 15 கிலோ
பேரீச்சங்கொட்டை மாவு 10 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 10 கிலோ
எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 10 கிலோ
கரும்பு ஆலைப் பாகு 2 கிலோ
தாது உப்புக் கலவை 2 கிலோ
சாப்பாட்டு உப்பு 1 கிலோ

இதில் புரதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும். விருத்தாசலம் பக்கம் கடலைப் புண்ணாக்கு செக்கிலிருந்தே கிடைக்கும் என்பதால் அதை அடிப்படையாக வைத்திருக்கிறோம். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் அதிகம். அதோடு எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டையும் போட்டு, கொட்டை மாவும் சேர்த்தால் கொழுப்பு மிதமிஞ்சிப்போய் நார் செரிப்பது கெடும். அதனால்தான் எண்ணெய் எடுத்த தவிடு என்று குறிப்பாக எழுதியிருக்கிறோம். மில்லில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பசுந்தீவனம், வைக்கோல், தண்ணீர் வழக்கம்போல. கொட்டை மாவு நார் நிறைந்ததாயிற்றே என்று வைக்கோலைக் குறைத்துவிடாதீர்கள். அரைத்த நார் அசை போட வைக்காது.

எப்படி ஆரம்பிப்பது?

முதல் மூன்று நாள் மாட்டுக்கு 100 கிராம். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை 100 கிராம் கூட்டி, இரண்டு வாரத்தில் அரைக் கிலோவுக்கு வாருங்கள். மாவைப் புண்ணாக்கோடு இரவே சம அளவு தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் போடலாம். கோடையில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவேண்டாம், புளித்துவிடும். மாடு முகர்ந்து விலகினால் கொஞ்சம் பாகோ வெல்லக் கரைசலோ தெளியுங்கள்.

இரண்டாம் வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். கை நிறைய புதுச் சாணத்தை மாவு சலிக்கும் கம்பிச் சல்லடையில் வைத்துக் குழாயடியில் அலசுங்கள். அரிசிக் குருணையை விடப் பெரிய பழுப்புத் துகள் நிறைய நின்றால் அரவை போதவில்லை, சல்லடையை மாற்றுங்கள். துகள் இல்லாமல் சாணம் மட்டும் இளகினால் கொட்டையில் இனிப்புச் சதை மிச்சமிருக்கிறது, அல்லது கூட்டின வேகம் அதிகம். ஒரு படி இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள்.

கன்று, சினை மாடு?

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். அதன் முதல் வயிறு இன்னும் முழுதாகத் தயாராகவில்லை, அதற்குத் தேவை புரதம். கிடாரிக்கு 200 கிராம்வரை போடலாம். சினை மாட்டுக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தால் தொடரலாம், கன்று ஈனும் கடைசி மாதத்தில் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். இது கொட்டைக்கு மட்டும் இல்லை, அந்த மாதத்தில் எந்தத் தீவன மாற்றமும் வேண்டாம். எருமைக்கு மாட்டின் அளவே.

ஆடுகளுக்கு?

உண்மையில் இது மாட்டை விட ஆட்டுக்கு ஏற்ற தீவனம். கொட்டையில் துவர்ப்புப் பொருள் உண்டு. அது புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. சூபாபுல், கருவேலங்காய், வேலிக்காத்தான் காய் என்று துவர்ப்பாகவே மேய்கிற வெள்ளாட்டுக்கு இது பழகின விஷயம்.

25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளைக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் அதில் 30, 40 கிராம் கொட்டை மாவு இருக்கலாம். அதாவது 15 சதவீதம். பேரீச்சை விளையும் நாடுகளில் செம்மறிக்கு அடர்தீவனத்தில் கால் பங்குவரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே குதிரைமசால் போன்ற புரதம் நிறைந்த பசுந்தீவனம் கூடவே போகிறது. இங்கே அறுவடைக்குப் பின் காய்ந்த வயலில் மேய்ந்துவிட்டு வரும் ஆட்டுக்கு அந்த அளவைப் பிரதியெடுக்க முடியாது. அகத்தி, சூபாபுல், வேலிமசால் தழை ஒரு கட்டு தினமும் கிடைத்தால் 20 சதவீதம்வரை போங்கள், இல்லாவிட்டால் 15இல் நில்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வேண்டாம்.

கோழிக்கு?

நாட்டுக்கோழிக்கு 5 சதவீதம், அதுவும் ஆறு வாரம் தாண்டிய பிறகு, 1 மில்லிமீட்டர் சல்லடையில் அரைத்து. கோழிக்கு மானனை உடைக்கும் நொதி கிடையாது. குடலில் கொழகொழப்பு உண்டாகி எச்சம் பிசுபிசுக்கும், கூண்டுத் தரை ஈரமாகும். லாபம் சொற்பம், தொல்லை அதிகம். எங்கள் கருத்தில் ஆடும் மாடும் இல்லாதவர் கோழிக்காக மட்டும் இதைத் தேடிப் போக வேண்டாம்.

கொட்டையோடு நசுங்கின, காய்ந்துபோன பழமும் மூட்டையில் வருகிறது. அதையும் போடலாமா?

போடலாம். ஆனால் அது முற்றிலும் வேறு பொருள். பழச் சதையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, புரதம் 2, 3 சதவீதம்தான். கரும்புப் பாகைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோ, ஆட்டுக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, வைக்கோல் தின்ற பிறகு. கொட்டை நீக்கியே போடுங்கள்.

கட்டு அவிழ்த்துக்கொண்ட மாடு மூட்டையில் வாய் வைத்து ஐந்தாறு கிலோ தின்றுவிட்டால் அது அவசரம். சில மணி நேரத்தில் அசை நிற்கும், வயிறு தளும்பும், புளிப்பு வாடையோடு கழியும், மாடு தள்ளாடும், படுத்துவிடும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் சோறும் அதிகம் தின்ற மாட்டுக்கு வருகிற அதே அமில நோய்தான். தீவனம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் காட்டுங்கள். நிற்கிற, விழுங்குகிற நிலையில் இருந்தால் 100 கிராம் சமையல் சோடா உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

பாகு பிழிந்த சக்கை?

சக்கையில் ஈரம் 70 சதவீதம் இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. பக்கத்தில் கிடைத்தால் அன்றன்றைக்கு மாட்டுக்கு 2 கிலோவரை போடலாம். மொத்தமாக வந்தால் ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) போடுகிற மாதிரி செய்யுங்கள்: சக்கை 5 பங்கு, துண்டு போட்ட வைக்கோல் 1 பங்கு, நன்றாகக் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் காலால் மிதித்துக் காற்றுப் போகாமல் இறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து எடை வைத்து மூடுங்கள். 25, 30 நாளில் எடுக்கலாம். இனிய புளிப்பு மணமும் மஞ்சள் பழுப்பு நிறமும் இருந்தால் சரி. சாராய வாடை தூக்கினால் காற்று புகுந்திருக்கிறது. மேல்பக்கம் ஒரு சாண் எடுத்து எருவுக்குப் போட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? பூஞ்சணம் வந்ததைக் காயவைத்துப் போடலாமா?

காய்ந்த முழுக் கொட்டை ஆறு மாதம் தாராளமாக நிற்கும். மாவு அப்படி இல்லை. அரைத்ததும் எண்ணெய் காற்றில் பட்டுக் காறல் ஏறும், மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கொட்டையாகச் சேமித்து, இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் அரைப்பதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரத்துக்கு மட்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி. தானே, பெஞ்சல் மாதிரி புயல் வந்து கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிப்போன மூட்டை என்றால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

பூஞ்சணம் வந்ததைக் காயவைத்துப் போடக் கூடாது. வெயில் பூஞ்சணத்தைக் கொல்லும், அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கொல்லாது. மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வரும். கலப்புத் தீவனத்தில் இந்த நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. கோழிக்கும் போட வேண்டாம், வாத்துக்குக் கொஞ்சமும் ஆகாது. எருக்குழியில் கொட்டுங்கள்.

நஞ்சையும் புரதத்தையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். அரைக் கிலோ மாதிரியை ஒரே சாக்கிலிருந்து எடுக்காமல், எல்லாச் சாக்கிலும் மேல், நடு, அடி என்று கையள்ளிக் கலந்து எடுங்கள். ஆலோசனைக்குப் புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. கடலூர் மாவட்டத்தாருக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம்.

பாலின் கொழுப்பு குறையுமா? சொசைட்டியில் விலை குறைப்பார்களே?

அரைக் கிலோ மாவில் வருவது 40 கிராம் எண்ணெய். அந்த அளவு பாலின் கொழுப்பை இறக்காது. பெரிதாக ஏற்றவும் செய்யாது. குறைந்தால் முதலில் வைக்கோல் அளவைப் பாருங்கள், அடுத்துத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பாலின் கொழுப்பற்ற திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) இறங்கினால் பெரும்பாலும் தவிட்டுக்குப் பதில் கொட்டை மாவைப் போட்டுவிட்டுப் புண்ணாக்கைக் கூட்டாமல் விட்டிருப்பீர்கள்.

யூரியா சேர்த்துப் புரதத்தைக் கூட்டலாமா?

வைக்கோலுக்கு 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து 21 நாள் மூடிவைக்கும் முறை நன்கு தெரிந்தது, அதை வைக்கோலோடு நிறுத்துங்கள். கொட்டை மாவில் யூரியாவைக் கையால் கலந்தால் ஒரு மூலையில் அதிகம் விழும். அந்தக் கவளத்தைத் தின்ற மாடு அரை மணியில் துடித்து விழும். அந்தப் புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கு போதும்.

ஈச்சங்கொட்டை, புளியங்கொட்டை, மாங்கொட்டை, பலாக்கொட்டை, முந்திரி ஓடு இவற்றுக்கும் இதே முறையா?

கடற்கரை ஈச்சமரத்துக் கொட்டை பேரீச்சையின் சொந்தம்தான், கெட்டியும் அதே. பொறுக்குகிற கூலிக்குக் கட்டாது. புளியங்கொட்டை இதை விட மேல், புரதம் 13 சதவீதத்துக்குக் குறையாது. வறுத்துத் தோல் நீக்கி அரைக்க வேண்டும், துவர்ப்பு எல்லாம் அந்தத் தோலில்தான். மாங்கொட்டைப் பருப்பில் மாவுச்சத்து உண்டு, துவர்ப்பும் அதிகம், காயவைத்து அரைத்து 10 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

பண்ருட்டிப் பக்கத்தார் பேரீச்சங்கொட்டையைத் தேடி அலைவது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சித்திரை முதல் ஆடிவரை அங்கே ரோட்டோரம் குவியும் பலா மடலும் சடையும் கொட்டையும் மாட்டுக்கு இதைவிட நல்ல தீனி. மடலைத் துண்டாக்கி அன்றே போடலாம், கொட்டையை வேகவைத்துப் போடலாம்.

முந்திரி ஓடு மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அதன் எண்ணெய் கையில் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும், மாட்டின் வாயும் குடலும் வெந்துவிடும். பேரீச்சங்கொட்டையை அரைக்க முந்திரி உடைக்கும் ஊர் மில்லுக்குக் கொண்டுபோனால், அதற்கு முன் அந்த மில்லில் என்ன ஓடியது என்று கேட்டுவிட்டு மூட்டையை இறக்குங்கள்.